மெட்டாபிசிகல் கவிதைகள்: வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பி.ஏ. ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் ஜான் டன்னைப் படித்தாக வேண்டியிருக்கும். கூடவே ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் ஆண்ட்ரூ மார்வெலும் வருவார்கள். இந்தக் கவிதைகளை நடத்தும்போது மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கவிஞர்கள் எப்போதும் யாரிடமோ வாதாடிக்கொண்டிருப்பவர்கள். காதலியிடம், சூரியனிடம், சாவிடம், கடவுளிடம். அந்த வாதம் பிடிபடாமல் 'சிறப்பியல்புகள்' என்று பத்துப் புள்ளிகளை மனப்பாடம் செய்தால் கவிதை உங்களுக்குக் கடைசிவரை அந்நியமாகவே இருக்கும்.

மெட்டாபிசிகல் கவிஞர்கள் என்பவர்கள் யார்? அந்தப் பெயரை யார் வைத்தது?

டன் (1572–1631), ஹெர்பர்ட் (1593–1633), மார்வெல் (1621–1678), ஹென்றி வான் (1621–1695), ஏபிரகாம் கௌலி (1618–1667), ரிச்சர்ட் கிராஷா என்று ஒரு வரிசையைச் சொல்வார்கள். இவர்கள் சேர்ந்து இயங்கிய குழு அல்ல. தங்களுக்கு இப்படி ஒரு பெயர் வரும் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. டன் இறந்த நாளில்தான் மார்வெலுக்குப் பத்து வயது நிறைந்தது. அதனால் 'இயக்கம்' என்ற சொல்லைக் கட்டுரையில் யோசித்துப் பயன்படுத்துங்கள்.

பெயர் வந்தது திட்டும்போதுதான். 1693இல் டிரைடன், டன் காதல் கவிதையில்கூடத் தத்துவம் (மெட்டாபிசிக்ஸ்) பேசிப் பெண்களைக் குழப்புகிறார் என்று குறை சொன்னார். சாமுவேல் ஜான்சன் 1779இல் வெளிவந்த கௌலி வாழ்க்கைக் குறிப்பில் இவர்களை ஓர் இனமாகவே சேர்த்து, படிப்பைக் காட்டிக்கொள்வதே இவர்கள் வேலை என்றார். ஒன்றுக்கொன்று சற்றும் பொருந்தாத கருத்துகளை வலுக்கட்டாயமாக ஒரே நுகத்தில் பூட்டுகிறார்கள் என்ற அவருடைய புகழ்பெற்ற வாக்கியம் அந்தக் கட்டுரையில் உள்ளதுதான். 1921இல் ஹெர்பர்ட் கிரியர்சன் இவர்களின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட, அதற்கு டி. எஸ். எலியட் மதிப்புரை எழுத, காற்று மாறியது. ஜான்சன் குறையாகச் சொன்னதையே எலியட் பலமாகப் பார்த்தார்.

படித்தால் ஒரு வரிகூடப் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அகராதியை அப்புறம் எடுக்கலாம். முதலில் கவிதையைச் சத்தமாக ஒருமுறை படியுங்கள். டன்னின் கவிதைகள் பல, பேச்சின் நடுவில் நாம் உள்ளே நுழைந்ததுபோலத் தொடங்கும். 'தி கேனனைசேஷன்' முதல் வரியிலேயே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், வாயை மூடிக்கொண்டு என்னைக் காதலிக்க விடு என்று யாரையோ அதட்டுகிறார். 'தி சன் ரைசிங்' கவிதையில், எதிலும் மூக்கை நுழைக்கும் கிழட்டு முட்டாளே என்று சூரியனையே ஏசுகிறார். இந்தக் குரல் காதில் விழுந்தாலே பாதி பயம் போய்விடும்.

அப்புறம் நான்கு கேள்விகள். பேசுவது யார்? யாரிடம்? பேசத் தொடங்குவதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது? பேசுகிறவருக்கு என்ன வேண்டும்?

பள்ளியில் குறுந்தொகை படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு பாட்டின் கீழும் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று இருக்கும். யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்று தெரிந்த பிறகுதான் பொருள் சொல்லத் தொடங்குவோம். டன்னின் கவிதைக்கு யாரும் அப்படிக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. அந்தக் குறிப்பை நீங்களே ஒரு வரியில் எழுதுங்கள். 'பயணம் கிளம்பும் கணவன், அழ வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னது' என்று எழுதிவிட்டால், 'எ வேலடிக்ஷன்: ஃபர்பிடிங் மோர்னிங்' கவிதைக்குள் போக வாசல் கிடைத்துவிட்டது.

அடுத்து, வாதத்தின் மூட்டுகளைத் தேடுங்கள். மார்வெலின் 'டு ஹிஸ் காய் மிஸ்ட்ரஸ்' கவிதையில் இது கண்ணாடிபோலத் தெரியும். மொத்தம் 46 வரி, மூன்று பகுதி. நமக்கு நேரமும் இடமும் வேண்டிய மட்டும் இருந்தால் உன் தயக்கம் குற்றமே இல்லை என்பது முதல் பகுதி. ஆனால் காலம் முதுகுக்குப் பின்னால் துரத்தி வருகிறது என்பது இரண்டாவது. ஆகவே இப்போதே என்பது மூன்றாவது. இருந்தால், ஆனால், ஆகவே. இந்த மூன்று சொல்லையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன்மேல் உட்காரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியையும் உங்களுக்கு வசதியான மொழியில் உரைநடையாக எழுதிப் பாருங்கள். தமிழில் எழுதினாலும் தப்பில்லை. எங்கே உங்களால் எழுத முடியாமல் நிற்கிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் அகராதியும் அடிக்குறிப்பும் போதும்.

கன்சீட் என்பது உவமையேதானே? எதற்கு அதற்குத் தனிப் பெயர்?

உவமைதான். ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. டன்னுக்கு முந்தைய காதல் கவிதைகளில், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கைப் பின்பற்றியவர்களிடம், கண் நட்சத்திரம், உதடு பவளம், காதலன் புயலில் சிக்கிய கப்பல் என்று ஒரு வழக்கமான சரக்கு இருந்தது. அழகைக் கூட்டுவதற்காக வைத்தவை அவை. எடுத்துவிட்டால் அழகு குறையும், சொல்லவந்த செய்தி அப்படியே இருக்கும்.

டன்னின் கன்சீட்டை எடுத்துவிட்டால் வாதமே விழுந்துவிடும். அவர் முதலில் ஒரு பொருத்தமில்லாத பொருளைக் கொண்டுவருவார், நமக்குத் திக்கென்றிருக்கும். பிறகு அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டி, 'ஒப்புக்கொள்கிறாயா?' என்று கேட்பார். ஒப்பீடு நீளமாக இருப்பதால் மட்டும் அது கன்சீட் ஆகிவிடாது. அது எதையாவது நிரூபிக்க முயல்கிறதா என்று பாருங்கள்.

'வேலடிக்ஷன்' கவிதையில் வரும் கவராய (காம்பஸ்) உவமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

முடியும்; இங்கே அவசரப்படவே கூடாது. ஆனால் கவராயத்துக்கு நேராகத் தாவாதீர்கள். கவிதையில் மொத்தம் ஒன்பது செய்யுள். கவராயம் வருவது ஏழாவதில்தான். அதுவரை டன் என்ன செய்துகொண்டிருந்தார்?

முதலில், நல்லவர்கள் சாகும் காட்சி. உயிர் பிரிந்ததா இல்லையா என்று சுற்றியிருப்பவர்களுக்கே தெரியாத அளவுக்கு அமைதியான சாவு. நாமும் அப்படிப் பிரிவோம், கண்ணீர் வெள்ளமும் பெருமூச்சுப் புயலும் வேண்டாம் என்கிறார். நம் காதலைப் பாமரர்களிடம் சொல்வது அதைத் தீட்டுப்படுத்துவதாகும் என்கிறார். அதாவது இந்தக் காதல் ஒரு மதம், இவர்கள் இருவரும் அதன் பூசாரிகள். மூன்றாவதில் நிலநடுக்கம், எல்லோரும் பயந்து கணக்குப் பார்க்கிறார்கள். வானக் கோளங்களின் அசைவு அதைவிட எவ்வளவோ பெரிது, ஆனால் யாருக்கும் தீங்கு இல்லை. நம் பிரிவும் அப்படித்தான். நிலவுக்குக் கீழே உள்ள சாதாரணக் காதலர்களுக்குக் கண்ணும் உதடும் கையும் வேண்டும். நமக்கு அவை கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும்.

ஆறாவது செய்யுளில் தங்கம். நம் உயிர் இரண்டல்ல, ஒன்று. நான் போவதால் அது உடையாது. காற்றைப்போல மெலிந்த தகடாக அடிக்கப்படும் தங்கம் மாதிரி விரியும்.

இப்போது கவனியுங்கள். ஏழாவது செய்யுள் 'அவை இரண்டுதான் என்றால்' என்று தொடங்குகிறது. ஒன்று என்று இப்போதுதான் சொன்னார், உடனே விட்டுக்கொடுக்கிறார். ஏன்? கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள், நான் இங்கே இருக்கிறேன், எப்படி ஒன்று? அந்தக் கேட்காத கேள்விக்குப் பதிலாகத்தான் கவராயம் வருகிறது. சரி, இரண்டு என்றே வைத்துக்கொள். அப்போதும் நாம் கவராயத்தின் இரண்டு கால்களைப்போல இரண்டு.

வகுப்பில் ஒரு காம்பஸை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கிறது. மற்றது தூரம் போகப் போக, ஊன்றிய கால் நகராமலே அதன் பக்கம் சாய்கிறது. அது திரும்பி வர வர, இது நிமிர்கிறது. வீட்டில் இருப்பவள் சும்மா இருக்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் சாய்வதை அவன் தொலைவிலிருந்தே உணர்கிறான்.

கையில் காம்பஸோடு படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். எட்டாவது செய்யுளில் கால் விரிந்து, பிறகு மூடி, நடுவுக்கே வருகிறது. ஒன்பதாவதில் அது வட்டம் போட்டுத் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. இரண்டும் வேறு வேறு அசைவுகள். வட்டம் போடும் கால் தொடங்கிய புள்ளிக்குத்தான் வரும், நடுவுக்கு வராது. டன் வீடு திரும்புகிறாரா, அல்லது விலகியே சுற்றி நிறைவடைகிறாரா? கவிதை இரண்டையும் ஒருசேர வைத்திருக்கிறது. இதைக் குழப்பம் என்பவர்கள் உண்டு. ஆறுதல் சொல்ல வந்தவருக்கே முழு நம்பிக்கை வரவில்லை என்பதன் தடயமாக நான் படிக்கிறேன்.

கூடுதலாக ஒரு தகவல்: ரசவாதத்தில் தங்கத்தின் குறியீடு, நடுவில் புள்ளி வைத்த வட்டம். கவராயம் வரைவது அதே உருவத்தைத்தான். ஆறாவது செய்யுளுக்கும் ஒன்பதாவதுக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கட்டுரையில் சொன்னால் நன்றாக நிற்கும்.

'தி ஃப்ளீ' வகுப்பில் படிக்கச் சங்கடமாக இருக்கிறது. அதை ஏன் பாடத்தில் வைக்கிறார்கள்?

சங்கடம் இயல்பானது. ஒருவன் தன்னுடன் உறவுகொள்ள ஒரு பெண்ணை இணங்கவைக்கப் பார்க்கிறான். அதற்கு அவன் எடுக்கும் சான்று ஒரு தெள்ளுப்பூச்சி. தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் இதை நேராகச் சொல்லிவிட்டால் வகுப்பும் ஒரு நிமிடத்தில் அமைதியாகிவிடும். ஆசிரியர் தயங்கித் தாண்டிப்போகும்போதுதான் பின்வரிசையில் சிரிப்பு வருகிறது.

மூன்று செய்யுள், ஒவ்வொன்றும் ஒன்பது வரி. முதலாவது: இந்தத் தெள்ளுப்பூச்சி என்னைக் கடித்தது, உன்னையும் கடித்தது, நம் ரத்தம் அதன் உடலில் கலந்துவிட்டது, இதைப் பாவம் என்று யாராவது சொல்வார்களா? அவள் அதை நசுக்கக் கை ஓங்குகிறாள். இரண்டாவது: நில்! இதில் மூன்று உயிர் இருக்கிறது, இதுதான் நம் மணக்கட்டில், நம் கோவில்; இதைக் கொன்றால் கொலை, தற்கொலை, தெய்வக்குற்றம் மூன்றும் சேரும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ள வெற்று இடத்தில் அவள் நசுக்கிவிடுகிறாள். மூன்றாவது செய்யுள் அவள் நகத்தில் உள்ள ரத்தத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறது.

அவளுக்கு ஒரு வரி வசனம்கூடத் தரப்படவில்லை. ஆனாலும் அவள் என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்பது நமக்குத் தெரிகிறது. பார், கொன்றுவிட்டேன், உனக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவன் கட்டிய 'ஒன்றுக்குள் மூன்று உயிர்' என்ற கோட்டை ஒரு நகத்தில் போயிற்று. அவன் உடனே கட்சி மாறுகிறான்: அதேதான் நானும் சொல்கிறேன், ஒன்றும் ஆகவில்லை அல்லவா, என்னிடம் இணங்கினாலும் உன் மானத்துக்கு அவ்வளவுதான் குறையும்.

ஜெயித்தது யார்? கவிதை சொல்லவில்லை. கடைசிச் சொல் அவனுடையது. ஆனால் கவிதைக்குள் உண்மையாக நடந்த ஒரே செயல் அவளுடையது. இந்தக் கேள்வியை வைத்து வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்கவிட்டால், ஒரு மணி நேரம் போதாது. பாடத்தில் இது இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினாலும் அந்தப் பேச்சு சரியாகிவிடாது என்பதை வரிவரியாகப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல கவிதை இல்லை.

எல்லாமே ஆண்கள் பேசும் கவிதைகளாகவே இருக்கின்றனவே?

பெரும்பாலும் ஆமாம், அதைத் துணிந்து எழுதலாம். மார்வெலின் கவிதையைப் பெண்ணின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். இரண்டாம் பகுதியில் கல்லறைப் புழுக்களைக் காட்டுவது காதல் பேச்சா, மிரட்டலா? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் கவிதையைக் குறைத்துவிடவில்லை. அதன் இருட்டான பக்கத்தைக் காட்டினார்கள்.

பாடத்திட்டத்துக்கு வெளியே ஒருவரைத் தேடிப் படியுங்கள்: கேத்தரின் பிலிப்ஸ் (1632–1664). 'ஒரிண்டா' என்ற பெயரில் அறியப்பட்டவர். பெண்களுக்கிடையிலான நட்பைப் பாடியவர். 'ஃப்ரெண்ட்ஷிப் இன் எம்ப்ளம்' என்ற கவிதையில் அதே கவராயத்தை எடுத்து இரண்டு தோழிகளின் நட்புக்கு வைக்கிறார். டன்னின் கவிதையில் ஒரு கால் ஊரைச் சுற்ற, மற்றது வீட்டில் நிற்கிறது. தோழிகளின் நட்பில் அந்தப் பங்கீடு என்ன ஆகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நல்ல செமினார் கட்டுரை அதிலேயே இருக்கிறது.

டன்னின் வாழ்க்கை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம் போதும், ஆனால் அந்தக் கொஞ்சம் முக்கியம். கத்தோலிக்கராக இருப்பதே ஆபத்தான காலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு குருவுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகப் பிடிபட்ட தம்பி ஹென்றி 1593இல் நியூகேட் சிறையில் நோயால் இறந்தார். டன் 1601இல் ஆன் மோரை ரகசியமாக மணந்தார். அதனால் வேலை போயிற்று, சில காலம் சிறையும். 1615இல் ஆங்கிலிகன் குருவானார். 1617இல், பன்னிரண்டாவது பிரசவத்துக்குப் பின் ஆன் இறந்தார். 1621இலிருந்து சாகும்வரை லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் டீன்.

ஆனால் கவிதையை வாழ்க்கையின் நாட்குறிப்பாக்கிவிடாதீர்கள். இவை கையெழுத்துப் பிரதிகளாக நண்பர்களிடையே சுற்றியவை. நூலாக வந்தது அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1633இல். பெரும்பாலான காதல் கவிதைகளுக்குத் தேதி கிடையாது. வேலடிக்ஷன் கவிதை 1611இல் பிரான்ஸ் கிளம்பும்போது மனைவிக்கு எழுதியது என்று ஐசக் வால்டன் எழுதிய டன்னின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதை 'சொல்லப்படுகிறது' என்றே எழுதுங்கள். 'இளமையில் காதல், முதுமையில் கடவுள்' என்ற பிரிப்பும் சரியல்ல. 'ஹோலி சானெட்ஸ்' கவிதைகளில் பல, அவர் குருவாவதற்கு முன்பே எழுதப்பட்டவை என்பது பல ஆய்வாளர்களின் முடிவு.

கோளங்கள், நிலவுக்குக் கீழே என்றெல்லாம் வருகிறதே, அந்தக் கால அறிவியல் தெரிய வேண்டுமா?

அடிப்படை மட்டும். பூமி நடுவில், அதைச் சுற்றிப் பளிங்குக் கோளங்கள். நிலவுக்குக் கீழே உள்ளதெல்லாம் மாறும், அழியும், மேலே உள்ளவை மாறா. இதுதான் பழைய உலகப்படம். கோபர்நிக்கஸ் 1543இலேயே சூரியனை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்டதை வெளியிட்டார். டன் 1611இல் எழுதிய நீள்கவிதையில் புதிய தத்துவம் எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது என்கிறார். அவருக்கு இரண்டு படமும் தெரியும்; வாதத்துக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்வார். 'தி சன் ரைசிங்' முடிவில் சூரியன் சுற்ற வேண்டிய மையம் எங்கள் கட்டில்தான் என்று சொல்லிவிடுகிறார்.

இந்தக் கவிதைகளில் இந்தியா எதற்கு வருகிறது?

அதே 'தி சன் ரைசிங்' கவிதையில், நறுமணப் பொருளின் இந்தியாவும் சுரங்கத்தின் இந்தியாவும் நேற்று விட்ட இடத்தில் இருக்கின்றனவா, அல்லது இங்கே என்னோடு படுத்திருக்கின்றனவா என்று சூரியனைப் பார்த்துவரச் சொல்கிறார். ஒன்று கிழக்கு, மற்றது அமெரிக்கப் பக்கத்து மேற்கிந்தியா. அரசர் வேட்டைக்குப் போவது பற்றிய வரி இருப்பதால் கவிதை 1603இல் முதலாம் ஜேம்ஸ் பட்டமேறிய பிறகு எழுதப்பட்டது என்று கொள்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31இல். அப்படியானால், கப்பல்கள் கிளம்பத் தொடங்கிய காலத்தில் காதலியின் உடலை நாடாகவும், தன்னை அதன் அரசனாகவும் சொல்லும் கவிதை இது. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து படிக்கும் நமக்கு அந்த வரி சும்மா கடந்துபோகும் வரி அல்ல.

மார்வெலிடம் கங்கைக்கரை வருகிறது. நீ அங்கே மாணிக்கம் பொறுக்கு, நான் ஹம்பர் ஓரம் புலம்புகிறேன் என்கிறான். ஹம்பர் அவர் வளர்ந்த ஹல் நகரத்து நீர். கங்கை வெறும் தூரத்தைக் காட்டத்தான். ஆனாலும் அந்தத் தூரத்துக்கு மாணிக்கத்தின் நிறம் இருப்பதைக் கவனியுங்கள்.

கிறிஸ்தவம் தெரியாமல் பக்திக் கவிதைகளைப் படிக்க முடியுமா?

முடியும். பைபிளிலிருந்து வரும் குறிப்புகளை ஆசிரியர் சொல்லிவிடுவார். அங்கே உள்ள உறவு நமக்குப் பழக்கமானது: கடவுளோடு சண்டை பிடிப்பது. 'பேட்டர் மை ஹார்ட்' என்ற சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) டன், மெதுவாகத் தட்டி, ஊதி, துலக்கிப் பார்க்காதே, உடைத்து எரித்துப் புதிதாக்கு என்று மூவொரு கடவுளிடம் கேட்கிறார். எதிரி பிடித்த நகரம் நான், எனக்குள் உன் ஆளுநரான அறிவும் சிறைப்பட்டிருக்கிறது என்கிறார். கடைசியில் நீ என்னை அடிமையாக்கினால்தான் விடுதலை, பலவந்தப்படுத்தினால்தான் கற்பு என்று முடிக்கிறார். அந்த முரண் அதிர்ச்சி தரத்தான் வேண்டும். மென்மையாக விளக்கி மழுப்பாதீர்கள்.

ஹெர்பர்ட் வேறு மாதிரி. கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகச் சொற்பொழிவாளராக இருந்து, சால்ஸ்பரி பக்கத்து பெமர்ட்டன் என்ற சிற்றூரில் குருவாகி, நாற்பது வயது நிறையும் முன் இறந்தவர். 'தி காலர்' கவிதையில் மேசையைத் தட்டி, போதும், நான் வெளியே போகிறேன் என்று கத்துகிறார். 36 வரியில் வரி நீளம் தாறுமாறு, எதுகைபோன்ற இயைபும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். கடைசி நான்கு வரியில் 'குழந்தாய்' என்று ஒரு குரல் கூப்பிட, 'என் ஆண்டவரே' என்று இவர் பதில் சொல்ல, இயைபு ஒழுங்காக வந்து நின்றுவிடும். கோபம் தணிவதை ஓசையே காட்டுகிறது. வடிவமும் பொருளும் பற்றி எழுதச் சொன்னால் இதை எழுதுங்கள். 'ஈஸ்டர் விங்ஸ்' சிறகு வடிவில் அச்சானது என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அதிலும் மனிதன் மெலியும்போது வரியும் மெலிகிறது, எழும்போது நீள்கிறது என்பதைச் சேர்த்தால்தான் அது விளக்கம்.

என் விளக்கம் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

கவிதைக்கு ஒரே சரியான விளக்கம் இல்லை. அதற்காக எல்லா விளக்கமும் சரி என்றும் இல்லை. உங்கள் விளக்கத்தை மூன்று இடத்தில் உரசிப் பாருங்கள். எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்ட முடிகிறதா? அதற்கு எதிராக நிற்கும் வரி ஏதும் இருக்கிறதா, அதற்கு என்ன சொல்வீர்கள்? கவிதையின் கடைசி வரிவரை அது தாங்குகிறதா? 'தி ஃப்ளீ' கவிதையில் அவன் அவளை உண்மையாக நேசிக்கிறான் என்று ஒரு மாணவர் சொல்லலாம். ஆனால் 'நேசிக்கிறேன்' என்று அவன் நேராகச் சொல்லும் ஒரு வரியைக் காட்டச் சொன்னால் கிடைக்காது. அப்போது அந்த மாணவரே தன் வாக்கியத்தைத் திருத்திக்கொள்வார். அப்படித் திருத்துவதுதான் இந்த வகுப்பில் நடக்கும் உண்மையான வேலை.

நோட்ஸ், கைடு, ஏஐ எதையும் பார்க்கக் கூடாதா?

பாருங்கள், கவிதையை இரண்டுமுறை படித்து உங்கள் உரைநடைச் சுருக்கத்தை எழுதிய பிறகு. வரிசை மாறினால் உங்கள் தலையில் இருப்பது அவர்கள் படித்த கவிதை.

தேர்வில் எப்படி எழுதினால் மதிப்பெண் வரும்?

'இக்கவிதையில் கன்சீட் உள்ளது. இது டன்னின் சிறப்பு' என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாக ஆகாது. 'ஊன்றிய கால் நகராமலே சாய்கிறது என்று காட்டுவதன் மூலம், வீட்டில் இருப்பவளின் காத்திருப்பும் ஒரு செயலே என்று டன் வாதிடுகிறார்' என்று எழுதினால் வரி, உத்தி, பொருள் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. அனோட்டேஷன் கேள்வியில் யார் யாரிடம் எந்தக் கட்டத்தில் சொன்னது என்பதை முதலில் எழுதுங்கள். பெரிய கட்டுரையில் ஆறு கவிதைகளைத் தொட்டுக்கொண்டு போவதைவிட இரண்டை எடுத்து உள்ளே இறங்குங்கள். ஜான்சனின் 'வலுக்கட்டாயமாகப் பூட்டுகிறார்கள்' என்ற வாக்கியத்தை மேற்கோளாக மட்டும் போடாமல் அதோடு வாதாடுங்கள்: கவராயத்தைப் பொறுத்தவரை அது சரியா? பூட்டியது உண்மை, ஆனால் வண்டி ஓடுகிறதே?

எலியட்டைக் கட்டாயம் கேட்பார்கள். டன்னுக்கு ஒரு சிந்தனை என்பது ஓர் அனுபவம், அது அவருடைய உணர்வையே மாற்றியது என்றார் அவர். 17ஆம் நூற்றாண்டில் சிந்தனையும் உணர்வும் ஆங்கிலக் கவிதையில் பிரிந்துபோயின என்பது அவருடைய கோட்பாடு. வரலாறாக அது அவ்வளவு உறுதியானது அல்ல என்று பின்வந்தவர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். எலியட் தான் எழுத விரும்பிய கவிதைக்கு முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கட்டுரை இன்னும் நன்றாக விளங்கும்.

பாடத்திட்டத்தில் இல்லாததில் எதைப் படிக்கலாம்?

ஹெர்பர்ட்டின் 'லவ்' என்ற பெயரில் உள்ள மூன்றாவது கவிதை. கூச்சப்படும் விருந்தாளியிடம் அன்பு என்னும் விருந்தோம்புபவர் பேசுவது; வாதத்தில் கடைசியில் விருந்தாளி தோற்று உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஹென்றி வானின் 'தி வேர்ல்ட்', நித்தியத்தை ஒளி வளையமாக அன்றிரவு கண்டேன் என்று வெகு சாதாரணமாகத் தொடங்கும். டன்னின் 'எ நாக்டர்னல் அபான் செயின்ட் லூசீஸ் டே'யைக் கொஞ்சம் பக்குவம் வந்த பிறகு படியுங்கள். ஆண்டின் மிக நீண்ட இரவில், ஒருத்தியை இழந்து ஒன்றுமில்லாமல் ஆனவன் பேசுவது. கவிதையில் வாதம் தோற்றுப்போனால் எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். விமர்சனம் படிக்க விரும்புகிறவர்கள் கிளீந்த் புரூக்ஸின் 1947ஆம் ஆண்டு நூலான 'தி வெல் ராட் அர்ன்' எடுக்கலாம். தலைப்பே 'தி கேனனைசேஷன்' கவிதையிலிருந்து வந்தது, அந்தக் கவிதைக்கு உள்ளே ஒரு முழுக் கட்டுரையும் உண்டு.

இன்னொன்று: 'எந்த மனிதனும் தனித் தீவல்ல' என்ற வரியைக் கவிதை என்று நினைத்துப் பலர் தேடுகிறார்கள். அது டன் 1623இல் கடுமையாக நோயுற்றபோது எழுதி அடுத்த ஆண்டு வெளியிட்ட 'டிவோஷன்ஸ்' என்ற உரைநடை நூலில், பதினேழாவது தியானத்தில் இருக்கிறது. யாருக்காக மணி அடிக்கிறது என்று கேட்டு ஆளனுப்பாதே என்ற வரியும் அதே பக்கத்தில்தான்.